நம் படகுக்குப் பாட்டு வைத்த விவரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவி பாப்பாவும் நலமாக இருக்கிறோம். நீங்கள் வேலை பார்க்கும் கப்பலும், கப்பலுக்குள் நீங்களும், இரண்டுக்கும் கீழே கடலும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாடப் பிரார்த்தனை. நம் படகும் நலம். படகுக்கென்று தனியாக ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாரே என்று நீங்கள் எதையும் ஊகிக்க வேண்டாம். மிதக்கிறது. இப்போதுகூட துறைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தாலே நீங்கள் "என்னாச்சு மாமா" என்பீர்கள். நான் மறுபடியும் ஒன்றுமில்லை என்பேன். அதற்குள் நடுக்கடலில் சிக்னல் போய்விடும். அந்த ஒன்றுமில்லையை வைத்துக்கொண்டு அடுத்த துறைமுகம் வரை நீங்கள் தவிப்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இருவருமே நிதானமாகப் பதறலாம்.

நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பு என்னை மாடிக்கு அழைத்துப் போய், துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே நின்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "மாமா, அவளுக்குத் தண்ணி பயமில்ல. அந்த இன்ஜின் சத்தம்தான் பயம். ஒரு நல்ல ஸ்டீரியோ, அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், காது நிறையப் பாட்டு ஓடினா தானா வந்து உட்கார்ந்துடுவா. நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்களே பார்த்துப் போட்டுடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்கமேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றீர்கள். மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதல்முறையாக ஒன்று கேட்டீர்கள், அதையும் நம்பிக்கையோடு கேட்டுவிட்டீர்கள். காப்பீட்டு அலுவலகத்தின் நஷ்டஈட்டுப் பிரிவில் வாழ்நாளெல்லாம் குப்பை கொட்டியவன் நான். எந்தெந்தப் பொருள் எப்படியெப்படி எரியும், எப்படியெப்படி முழுகும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. தண்ணீரில் மிதக்கும் மரப் பொருளுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோய் வை என்று என்னிடம் சொல்வதும், பூனையிடம் மீன்கூடையைக் கொடுப்பதும் ஒன்றல்ல. பூனையாவது சந்தோஷப்படும்.

ஆனாலும் விஷயத்தின் கனம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் படகை நீங்கள் எவ்வளவு ஆசையாக வாங்கினீர்கள், முதல் நாள் பாப்பாவை எப்படிக் கைபிடித்து ஏற்றினீர்கள், துறையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் அவள் எப்படி முகம் வெளுத்து "திருப்புங்க" என்றாள், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்பதெல்லாம் நானும் பார்த்ததுதானே. நீங்கள் லீவில் வந்தால் பகலெல்லாம் படகில், அவள் பகலெல்லாம் வீட்டில். வருஷத்தில் பாதி கடலுக்குப் போய்விடுகிறது, மிச்சப் பாதி ஆற்றுக்குப் போகிறது என்று அவள் தன் அம்மாவிடம் ஒருமுறை சொன்னதை நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். ஆகவே இது வெறும் பாட்டுப்பெட்டி விவகாரம் இல்லை என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான், கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

கார் ஸ்டீரியோ விற்கிற கடை அது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள் முழித்துக்கொண்டு நிற்கின்றன. கடைக்காரர் உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என்ன வண்டி சார் என்று கேட்டார். ரகசியம் காக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், தண்ணீர் சம்பந்தப்பட்ட வண்டி என்று மென்று விழுங்கினேன். அவர் உடனே தண்ணி லாரி என்று முடிவுகட்டி, லாரி டிரைவர்களுக்கு எந்த மாதிரி பாட்டுப் பிடிக்கும், பின்னால் டேங்கில் தண்ணீர் தளும்பும் சத்தத்தை மீறிக் கேட்க எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். நானும் நடுவில் திருத்த மனம் வராமல் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தண்ணீர் வண்டிக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது என்று சொன்னதும்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

அங்கே நான் கற்றதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்னால் திரையும் பொத்தானும் இருக்கிற பெட்டிக்கு ஹெட் யூனிட் என்று பெயர். அது தலை. ஆம்ப்ளிஃபையர் தொண்டை. தலை மெதுவாகச் சொல்வதைத் தொண்டை ஊருக்கே கேட்கும்படி சொல்லும். காருக்குள் வைக்கிற தலையைப் படகில் வைத்தால் ஈரக்காற்றில் உள்ளே பச்சை பூத்து ஒரே மழைக்காலத்தில் மண்டையைப் போட்டுவிடும். படகுக்கென்றே உள்சர்க்யூட்டுக்கு மெழுகுபோல ஒரு பூச்சு பூசி, தண்ணீர் தெறித்தாலும் தாங்குகிற மாதிரி, வெயிலில் திரை மங்காத மாதிரி தனியாக ஒரு வகை வருகிறது. கடைக்காரர் முதலில் சாதாரணத்தையே எடுத்து வைத்து, மழை வந்தால் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடிவிடுங்கள் என்றார். இதே வாக்கியம் எத்தனை நஷ்டஈட்டு மனுக்களில் முதல் வரியாக வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. படகு வகையேதான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வாட்ஸ். அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் முன்பக்கம் யானை சைஸில் ஒரு எண் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் எறும்பு எழுத்தில் வேறொரு எண். எது உண்மை என்று கேட்டேன். பின்னால் இருப்பதுதான் அது தினமும் செய்கிற வேலை, முன்னால் இருப்பது உயிர் போகிற நேரத்தில் ஒரு கணம் கத்துகிற கத்தல் என்றார். கத்திக் காட்டட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். மாப்பிள்ளை, அது காதில் கேட்கவில்லை. பல்செட்டில் கேட்டது. நெஞ்சுக்குள் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி இருந்தது. எதிர்க்கடை ஷட்டர் தானாகக் கொஞ்சம் இறங்கிற்று. இந்த அதிர்ச்சியில் படகின் பலகை இணைப்பு விட்டுப்போகாதா என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் வந்து புகார் சொல்லவில்லை என்றார். முழுகினவன் எப்படி வந்து புகார் சொல்வான் என்று கேட்க நினைத்தேன். நம்பிக்கை என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. ஹெட் யூனிட், நாலு ஸ்பீக்கரை இழுக்கிற அந்த ஆம்ப்ளிஃபையர், நாலு ஸ்பீக்கர், எல்லாவற்றையும் கட்டச் சொல்லிவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே உங்கள் அத்தை நின்றிருந்தாள். கண் டாக்டர் இவ்வளவு பெரிய பெட்டியிலா மருந்து கொடுத்தார் என்று கேட்டாள். பாப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயில் வந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும், உன் தையல் மெஷினுக்கு மோட்டார் என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த மோட்டாரைக் கேட்க ஆரம்பித்தது பாப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்ய முடியும். மறுநாள் மறுபடியும் கண் டாக்டரிடம் போய், நிஜமாகவே ஒரு மோட்டார் வாங்கிவந்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். அதை அவள் பிரித்துவிட்டு, மோட்டார் இவ்வளவுதான் இருக்கு, மத்த இடத்துல என்ன இருந்துச்சு என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினில் மாட்டிப் பார்த்தாள். அப்புறம், "பாட்டு எப்ப போடுவீங்க? நானும் வர்றேன்" என்றாள்.

இனி வயர்மேன். அவருக்கு அவர் அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, துறையில் எல்லோரும் 'பரவாயில்லை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம், எதைக் கேட்டாலும் பதில் அதுதான். ஆம்ப்ளிஃபையரைப் பெட்ரோல் டேங்கை ஒட்டி வைக்கிறீர்களே என்றேன். பரவாயில்லை சார் என்றார். நான் அந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்ததால், காற்றோட்டமான உலர்ந்த இடமாக, சீட்டுக்கடியில் மாற்றி வைத்தார். பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஃப்யூஸ் வேண்டாமா, வயர் கொஞ்சம் ஒல்லியாக இல்லையா என்று கேட்டேன். பரவாயில்லை சார். ஃப்யூஸ் வைக்கும் வரை நான் துறையை விட்டுப் போகவில்லை. தடித்த வயரை நானே போய் வாங்கி வந்தேன். ஹெட் யூனிட்டுக்காக முன்பலகையில் அவர் அறுத்த ஓட்டை, பெட்டியைவிட ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டது. பெட்டி உள்ளே விழுந்து காணாமல் போயிற்று. கையை விட்டு எடுத்து, சுற்றிலும் ஒரு மரச்சட்டம் அடித்து நிறுத்தியிருக்கிறார். நீங்கள் வந்து பார்க்கும்போது அது அலங்காரத்துக்காகச் செய்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு திசைகாட்டி. முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டையும் அவர் திசைகாட்டியின் இருபுறமும் காவல்காரர்கள் மாதிரி பொருத்தியிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பீக்கருக்குப் பின்னால் காந்தம் உண்டு என்பதும், திசைகாட்டி என்பது காந்தத்தை நம்பிப் பிழைக்கும் ஜீவன் என்பதும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து நம் படகில் வடக்கு என்பது இடதுபக்க ஸ்பீக்கர். படகை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் அதையே பார்த்துக்கொண்டிருந்தது, புதுமாப்பிள்ளை மாதிரி. உங்களைச் சொல்லவில்லை. ஆற்றில் திசைகாட்டி எதுக்கு சார், ரெண்டு பக்கமும் கரைதானே, பரவாயில்லை என்றார் பரவாயில்லை.

இப்படியாக வேலை முடிந்து வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தோம். பாப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நான், உங்கள் அத்தை, பரவாயில்லை, மூன்று பேர். நான் உயிர்காக்கும் அங்கியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு தெருவழியாக நடந்தே போனேன். பரவாயில்லைதான் படகை ஓட்டினார். நடு ஆற்றுக்கு வந்ததும் இன்ஜின் சத்தத்தில் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை என்று உங்கள் அத்தை சொன்னாள். நீங்கள் போட்ட திட்டமே இன்ஜின் சத்தத்தைப் பாட்டு அமுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அங்கே பாட்டுக் கேட்பதற்காக இன்ஜினை அணைத்தோம். என்ன ஒரு சுகம் மாப்பிள்ளை. பொய் சொல்லக் கூடாது. வெயில் தாழ்ந்து, தண்ணீர் மேல் காற்று தவழ்ந்து, நாலு பக்கமும் பாட்டு. உங்கள் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சத்தம் வைங்க, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் ஒரே பொருளை அத்தனை தடவை கேட்டு அத்தனை தடவையும் கிடைத்தது அன்றுதான். எனக்கே பயம் கொஞ்சம் மறந்திருந்தது. அதுதான் தப்பு. பயம் மறந்த வீட்டில்தான் தீப்பிடிக்கும் என்பது நஷ்டஈட்டுப் பிரிவில் பாலபாடம்.

பாட்டுத் திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. பாடகர் தூக்கத்தில் பாடுகிற மாதிரி இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திக்கொண்டார். திரை அணைந்தது. பரவாயில்லை போய்ச் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். மறுபடி 'டிக்'. அந்தத் தொண்டை இருக்கிறதே, ஆம்ப்ளிஃபையர், அது பேட்டரியில் இருந்த கடைசிச் சொட்டுவரை குடித்துத் தீர்த்துவிட்டது. ஸ்டீரியோவுக்கும் இன்ஜினைக் கிளப்பவும் ஒரே பேட்டரி. பாட்டுக்கென்று இரண்டாவதாக ஒன்று வைத்து, இரண்டையும் பிரிக்க நடுவில் ஒரு ஸ்விட்ச் போட்டிருக்க வேண்டுமாம். வாட்ஸ், வயர், பூச்சு, ஃப்யூஸ், காற்றோட்டம் எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டேன். இது ஒன்றைப் பற்றிக் கவலைப்பட மறந்திருக்கிறேன். கவலையில்கூட எனக்கு முழுமை இல்லை.

படகு நகர ஆரம்பித்தது. நீரோட்டம் என்பது கரையிலிருந்து பார்த்தால் சோம்பேறியாகத் தெரியும். கீழே பாலம் இருக்கிறதல்லவா, அதன் தூண்கள் ஒவ்வொன்றும் கிட்டே வரும்போது எவ்வளவு பருமன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நங்கூரத்தைப் போடுங்கள் என்றேன். பரவாயில்லை அதைத் தூக்கி அழகாகச் சுழற்றி வீசினார். அதன் பின்னாலேயே கயிறு போயிற்று. கயிற்றின் பின்னாலேயே கயிற்றின் நுனியும் போயிற்று. ஸ்பீக்கர் வயரை இழுப்பதற்காக அந்த முடிச்சை அவரேதான் அவிழ்த்திருந்தார். மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். ஆனால் வழக்கமான அந்தச் சொல் வரவில்லை. உடனே நான் உயிர்காக்கும் அங்கியின் வார்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

உங்கள் அத்தை இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பாசத்தோடு கையசைத்தார். வேறு வழியில்லாமல் பாப்பாவுக்குப் போன் செய்தேன். இது ரகசியத்தை உடைப்பதாகும் என்று தெரியும். ஆனால் மாமனார் முழுகினபிறகு ரகசியத்தை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். பயப்படாதே, நடு ஆற்றில் படகு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். மேலே பேச விடவில்லை.

"எங்கப்பா இருக்கீங்க? பாலத்துக்கு மேலயா, கீழயா?"

"மேலதாம்மா. ஆனா ரொம்ப நேரம் மேல இருக்க மாட்டோம்போல."

"அம்மாவை நடுவுல உட்காரச் சொல்லுங்க. துடுப்பு இடதுபக்கம் சீட்டுக்குக் கீழ இருக்கு. அதை எடுத்து வலதுகரைப் பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. அங்க இழுப்பு கம்மி. வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

துடுப்பு சொன்ன இடத்தில் இருந்தது. பரவாயில்லை தள்ளினார். நான் தள்ளுவதற்கு ஊக்கம் கொடுத்தேன். தூண்களில் முதலாவதை ஒரு கை தூரத்தில் கடந்தோம். அதில் பாசி படிந்திருந்ததைக்கூட நான் சொல்ல முடியும். பாலத்தைத் தாண்டி, வலதுகரையோரம் நாணல் அடர்ந்த இடத்தில் மூக்கைச் சொருகிக்கொண்டு படகு நின்றது. கரையேறவும் முடியாது, சேறு. அங்கே காத்திருக்கும்போது உங்கள் அத்தை மெல்ல, "இப்ப பாட்டு இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். அவளுடைய மனதைரியத்துக்கு முன்னால் நான் தூசு.

அப்புறம் வந்தாள் மாப்பிள்ளை, உங்கள் மனைவி. துறையில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற தோணிக்காரர் இருக்கிறாரே, வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுவாரே, அவருடைய தோணியில், ஆபீஸ் உடுப்போடு, மடியில் ஒரு பேட்டரியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். படகு என்றாலே முகம் வெளுக்கிறவள். தோணி எங்கள் பக்கம் அணைவதற்குள் எழுந்து நின்று, ஒரு கையால் எங்கள் விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டாள். ஏறின கையோடு கயிற்றைக் கட்டினாள், ஸ்பேனரைக் கேட்டாள், ஆம்ப்ளிஃபையர் வயரைக் கழற்றி ஓரமாகப் போட்டாள், கொண்டுவந்த பேட்டரியை மாட்டினாள். தோணிக்காரரும் ஏறிக்கொண்டார். ஆபத்து வந்தால் அறிவு தானாக வந்துவிடுகிறது பாருங்கள். எத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் என் நஷ்டஈட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள், அது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜின் கிளம்பியது. அதற்குமேல் விவரமாகச் சொல்ல என்னால் முடியாது. ஏனென்றால் துறைக்கு வந்து சேரும் வரை நான் சீட்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எதிர்நீரோட்டத்தில், அந்தத் தூண்களுக்கு நடுவே, ஒரு உராய்வுகூட இல்லாமல், பஞ்சின் மேல் போவதுபோல ஓட்டினார் தோணிக்காரர். இறங்கினதும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் பாப்பாவைப் பார்த்தார். அடக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

வீட்டுக்கு நடக்கும்போது நான் பாப்பாவிடம், உனக்குப் படகென்றால் பயமாச்சே என்றேன். அவள் நிற்காமலே, "பயம்தாம்பா. அதுக்காக உங்க ரெண்டு பேரையும் ஆத்தோட விட்டுட முடியுமா?" என்றாள். என் தோளில் கிடந்த உயிர்காக்கும் அங்கியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பெற்றவனுக்குத் தெரியாதா. ஸ்டீரியோ யாருக்காக வைத்தது என்று கேட்டாள். நீங்கள் மாடியில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இன்ஜின் சத்தம் என்று வந்த இடத்தில் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுதிருக்க வேண்டும்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாத நிலையில் சில முடிவுகளை எடுத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி பாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டேன். மறுபடி அந்தக் கடை வாசலை மிதிக்க எனக்குத் தெம்பில்லை. ஹெட் யூனிட் மட்டும், பின்பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு, திசைகாட்டிக்கு எட்டாத தூரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். நங்கூரம் இப்போதைக்கு ஆற்றின் பொறுப்பில் இருக்கிறது. இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, மனசு கேட்கவில்லை. படகை விற்றுவிடுங்கள். அவள் இனிமேல் அதில் ஏறப் போவதில்லை. எங்களுக்காக ஒருமுறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்த அதிர்ச்சி அவளை விட்டுப் போகவில்லை. சாயங்காலமானால் காற்றுவாங்கிவிட்டு வருகிறேன் என்று தனியாக எங்கோ போய்விடுகிறாள். திரும்பி வரும்போது தலையெல்லாம் கலைந்திருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லை என்பதற்கு நம் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் லீவில் வந்ததும் அவளை ஏதாவது பூங்காவுக்கு, தரையில் இருக்கும் பூங்காவுக்கு, அழைத்துப் போங்கள். அதில் குளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மோட்டார் நன்றாக ஓடுகிறதாம். காற்றும் அலையும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும். கப்பலில் ஃப்யூஸ்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆயுளும் காய்ந்த தரையும் உங்கள் இருவருக்கும் வாய்க்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.

என்னங்க, இது நான். அப்பா கடிதத்தைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார். பசை காயவே இல்ல, தானா திறந்துக்கிச்சு. படிச்சுட்டேன். ரெண்டு மூணு விஷயம் திருத்தணும்.

அன்னிக்குப் படகை ஓட்டினது தோணிக்காரர் இல்ல. நான். நீங்க கப்பல் ஏறினதிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் அவர்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கேன். முதல்ல தோணி, அப்புறம் நம்ம படகு. நீங்க வர்ற அன்னிக்குத் துறைமுகத்துக்கே ஓட்டிக்கிட்டு வந்து நிக்கலாம்னு இருந்தேன். அப்பா அதையும் கெடுத்துட்டார், பரவாயில்ல. கை நடுங்கினது நிஜம்தான். அப்பாவும் அம்மாவும் அந்தத் தூணுக்கு அவ்வளவு கிட்ட இருந்ததைப் பார்த்தா யாருக்கு நடுங்காது?

ஆம்ப்ளிஃபையரை நான் திருப்பிக் கொடுக்கல. தனி பேட்டரி, நடுவுல ஸ்விட்ச் எல்லாம் போட்டு மறுபடி மாட்டியாச்சு. முன்னாடி இருந்த ஸ்பீக்கரை நகர்த்தினதும் வடக்கு வடக்குக்கே போயிடுச்சு. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நேத்துகூட வந்தா, சத்தம் போதலைன்னு சொன்னா. புது நங்கூரமும் வாங்கியாச்சு. படகை விக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

அப்புறம், எனக்கு இன்ஜின் சத்தம்தான் பயம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க? அப்பா அதைச் சொன்னப்போ சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டேன். அவர் அழுதேன்னு எழுதியிருக்கார். இன்ஜின் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தண்ணி மேலயும் கிடையாது. எனக்குப் பயம் நீங்க ஓட்டுறதைப் பார்த்துதான். உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு இத்தனை நாள் சொல்லல.

சீக்கிரம் வாங்க. நாலு ஸ்பீக்கருக்கும் நடுவுல, பின்சீட்டுல, உங்களுக்குன்னு ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்.